புதுப்பிப்பு: சாவி கொடுத்தும் நின்றுபோன ஏ.எஸ். 1012 லேடீஸ் வாட்ச் இப்போது ஓடுகிறது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. ஏ.எஸ். 1012 என்ற குட்டி சுவிஸ் மெஷின் உள்ள இந்த வாட்ச் முழுச் சாவி கொடுத்தும் சில மணி நேரத்தில் நிற்கிறது, ஆம்ப்ளிட்யூட் (இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் நடுவிலிருந்து ஒரு பக்கம் திரும்பும் கோணம்) 170 டிகிரிதான், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

மெயின் ஸ்பிரிங்கை (சாவி கொடுத்தால் முறுக்கேறும் சுருளை) மாற்றச் சொன்னவர்களே அதிகம். மாற்றியும் 10 டிகிரிதான் ஏறியது. ஈரோட்டு அண்ணன் சொன்னதே சரி: முன்பு சர்வீஸ் பார்த்தவர் பேலட் ஃபோர்க்கின் (வீல்களின் விசையைப் பேலன்ஸுக்குத் தள்ளிவிடும் சின்ன நெம்புகோல்) பிவட்டுகளுக்கும், அதாவது அச்சு முனைகளுக்கும், எண்ணெய் விட்டிருந்தார். அவை உலர்ந்தே இருக்கணும்; இத்தனூண்டு மெஷினில் அந்தப் பிசுபிசுப்பே விசையைத் தின்றுவிடும்.

சாவியை முழுக்க இறக்கிவிட்டு, ஃபோர்க்கைக் கழற்றி ஒயிட் பெட்ரோலில் கழுவினேன். ஸ்பிரிட்டில் ஊறப் போட்டுறாதீங்க, ஃபோர்க்கில் பேலட் கல்லைப் பிடித்திருக்கும் அரக்கு கரைந்துவிடும். பிறகு பேலட் கல் முனைகளில் மட்டும் மோபியஸ் 9415 வாட்ச் எண்ணெய். பேலன்ஸ் பிவட்டுக்கும், ஃபோர்க்கைத் தள்ளும் எஸ்கேப் வீலின் பிவட்டுக்கும் அதே மோபியஸில் 9010 எண்ணெய், துளி துளியாக.

எதிர்பாராதது: நாலாவது வீல் பிவட்டில் பஞ்சு இழை சுற்றியிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனி வேலையில் கையில் கட்டியிருந்த வாட்ச், கிரௌனில் (சாவி கொடுக்கும் திருகில்) தூசியைத் தடுக்கும் ரப்பரும் இல்லை, வேறென்ன ஆகும்! கழுவினால் அது போகாது, கூராகச் சீவிய மரக்குச்சியால்தான் எடுக்கணும்.

இப்போது ஆம்ப்ளிட்யூட் வாட்ச்சைப் படுக்க வைத்தால் 255, நிமிர்த்தினால் 225 டிகிரி. இதே கோளாறு உள்ளவர்கள் பேலன்ஸைக் கழற்றிவிட்டு இரண்டு சுற்று சாவி கொடுத்து ஃபோர்க்கை லேசாகத் தொட்டுப் பாருங்க. வெடுக்கென்று மறுபக்கம் தாவணும். சோம்பலாக நகர்ந்தால் அங்கேதான் எண்ணெய் இருக்கிறது, இல்லையேல் வீல் வரிசையில் ஏதோ பிடிக்கிறது.