பறவை பார்க்க பைனாகுலர்: 8×42 வாங்குவதா, ஜூம் வாங்குவதா?

தாம்பரத்தான்:
போன தை மாதம் வேடந்தாங்கல் போயிருந்தோம். கரையில் நின்றால் மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக என்னவோ தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் தன் பைனாகுலரைக் கொஞ்சம் கொடுத்தார், பார்த்தால் கரண்டிவாயன், அலகு அப்படியே அகப்பை! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பத்தாயிரத்துக்குள் எதை வாங்கலாம்? கண்ணாடி போடுகிறவன். 30 மடங்கு ஜூம் என்று ஒன்று மூவாயிரத்துக்கே கிடைக்கிறதே?

நீர்க்காகம்:
ஐயோ, ஜூம் பக்கமே போகாதீர்கள். நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். பறவை பெரிதாகும்போது கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிறது, பார்வைப் பரப்போ சுருங்கிவிடுகிறது, மீன்கொத்தியை நாம் தேடிப் பிடிப்பதற்குள் அது மீனைப் பிடித்து விழுங்கிவிட்டுப் போயிருக்கும். 8×42 எடுங்கள். 8 என்பது மடங்கு, 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மி.மீ. அகலத்துக்குக் கண்ணுக்கு வெளிச்சம் வரும். சட்டைப்பை அளவு 10×25-இல் அது வெறும் 2.5. விடியற்காலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கண்ணாடிக்காரர் என்றால் 'ஐ ரிலீஃப்', அதாவது கண்ணைப் பின் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுக் காட்சியும் தெரியும் என்ற தூரம், 15 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள்.

மொட்டைமாடி:
என்னிடம் 10×50. வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும், ஆனால் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால்தான். ஏரிக்கரையில் அரை நாள் கழுத்தில் தொங்கவிட்டு நடந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். கடையில் ஒரு சோதனை: கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தபடி, கண் வைக்கும் பக்கத்தைக் கவனியுங்கள். ஒளி முழு வட்டமாக இருந்தால் சரி. ஓரம் சாம்பலாக வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசம் தரம் குறைந்தது. வாங்கியபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், என் பழையது அப்படித்தான் போனது.

தாம்பரத்தான்:
8×42 வாங்கிவிட்டேன், நன்றி. ஆனால் பத்து நிமிடம் பார்த்தாலே தலை வலிக்கிறது, மாற்றிவிடலாமா?

நீர்க்காகம்:
பொறுங்கள். கண்ணாடியோடு பார்ப்பதால் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையங்களை உள்ளே இறக்கிவிடுங்கள். முதலில் வலது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருகுங்கள்.

தாம்பரத்தான்:
அட, அந்தச் சின்ன வளையம் ஒரேயடியாக ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது! இப்போது எதிர்வீட்டு வாட்டர் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை கண் சிமிட்டுவதுகூடத் தெரிகிறது.