மூடியைத் திறக்க வேண்டாம்

எதிர் வீட்டுத் தம்பி (காலை 6.10): தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். என்னிடம் கடப்பாரை இருக்கிறது. பாதாளச் சாக்கடை மூடியை நெம்பிவிட்டால் அரை மணியில் வடிந்துவிடும். யாராவது துணைக்கு வாருங்கள்.

மாடி வீட்டு அக்கா (6.11): மகனை அனுப்புகிறேன்.

கீழ் வீட்டு அம்மா (6.12): ஐயோ, வேண்டாம் தம்பி! போன வருடம் இப்படித்தான் திறந்தார்கள். பத்து நிமிடத்தில் எங்கள் குளியலறையில் கறுப்புத் தண்ணீர் பொங்கியது. அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைப்பதற்குள் சமையலறைக்கு வந்துவிட்டது. மூன்று நாள் பினாயில் ஊற்றியும் வாடை போகவில்லை.

எதிர் வீட்டுத் தம்பி (6.14): மன்னியுங்கள் அம்மா, எனக்குத் தெரியாது. மழைத் தண்ணீரும் அதே குழாயில்தானே போகிறது?

பொறியாளர் ஐயா (6.19): இல்லை தம்பி. சென்னையில் இரண்டும் வேறு வேறு. சாக்கடை, 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுநீரை மட்டும் கணக்கிட்டுப் போட்டது. சரிவில் ஓடி உந்து நிலையக் கிணற்றில் விழுகிறது. அங்கிருந்து மோட்டார் வைத்து நெசப்பாக்கம், கோயம்பேடு, கொடுங்கையூர், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஏற்றுகிறார்கள். தெருத் தண்ணீரையும் அதில் விட்டால் இறைத்து மாளாது. கிணறு நிரம்பும், குழாயில் எதிர்த்து நிற்கும், தாழ்ந்த வீட்டில் முதலில் பொங்கும். அந்த அம்மா வீட்டில் நடந்தது அதுதான். தவிர, தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி யார் கண்ணுக்குத் தெரியும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற தெரு.

மாடி வீட்டு அக்கா (6.21): அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் ஐயா?

பொறியாளர் ஐயா (6.23): நடைபாதை ஓரத்தில் கம்பி போட்ட வாய் இருக்கும், பாருங்கள். அதுதான் மழைநீர் வடிகால். கால்வாய், ஆறு, கடல் என்று நேரே போய்விடும், சுத்திகரிப்பே கிடையாது. அதனால்தான் அதில் கழிவுநீரை விடக்கூடாது என்று தொண்டை வறளக் கத்துகிறேன். முதலில் அந்த வாயை மூடியிருக்கும் குப்பையை எடுங்கள். கையை விடாதீர்கள், மண்வெட்டி போதும்.

எதிர் வீட்டுத் தம்பி (6.41): எடுத்துவிட்டேன். வாதாம் இலை, பால் உறைகள், ஒரு கிழிந்த சாக்கு. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குகிறது!

கீழ் வீட்டு அம்மா (6.58): வாசற்படி தெரிகிறது, நல்லா இருப்பாய் தம்பி. ஆனால் குளியலறையில் இன்னும் களக் களக் என்று சத்தம் வருகிறது.

பொறியாளர் ஐயா (7.02): யார் வீட்டு மொட்டைமாடிக் குழாயாவது சாக்கடைத் தொட்டியில் இறங்குகிறதா? பெருமழையில் ஒரு மாடித் தண்ணீரே அதற்குப் பெரும் பாரம். மழைநீர் சேகரிப்பை எல்லா வீட்டுக்கும் 2003இல் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தண்ணீர் நிலத்துக்குப் போக வேண்டியது.

மாடி வீட்டு அக்கா (7.10): எங்கள் வீட்டுக் குழாய்தான் ஐயா. இத்தனை வருடம் யோசிக்கவே இல்லை. மழை விட்டதும் பிளம்பரை வரவழைத்து உறைகிணற்றுக்குத் திருப்பிவிடுகிறேன். அம்மா, என் மகன் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு கீழே வருகிறான். கதவைத் திறந்து வையுங்கள்.