16 வயது வரை இன்ஸ்டா வேண்டாம்: பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போடலாமா?

தக்கலைக்காரன்:
எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் பார்க்கிறோம். 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 16 வயது ஆகும்வரை இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், பேஸ்புக் எதிலும் பிள்ளைக்குக் கணக்கு இருக்காது, இருந்தால் அழித்துவிடுவோம். அவ்வளவுதான்.

காரணம் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை ஓணத்துக்குப் புடவை கட்டி நின்ற படத்தை எடுத்து, ஏஐ ஆப் ஒன்றில் போட்டு, பார்க்கக்கூடாத படமாக மாற்றி வகுப்புப் பையன்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அந்தப் பிள்ளை இன்னமும் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதில்லை. பையன்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே கணக்கு கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதுபோல ஒரு சட்டம் கொண்டுவருவதை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னது. நம் கன்னியாகுமரி மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒரு வீட்டில் மட்டும் தடுத்தால் அந்தப் பிள்ளை வகுப்பில் தனியாகிவிடும். எல்லோரும் சேர்ந்து நின்றால் யாருக்கும் குறை தெரியாது. கருத்துச் சொல்லுங்கள்.

குலசேகரம் தாத்தா:
நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். மகனும் மருமகளும் குவைத்தில். பேத்தி எங்களோடு. விடியுமுன் ரப்பர் பால் எடுக்கப் போகிறவன் நான், இந்த செட்டிங்ஸ் எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? "கூட இருந்து கவனியுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. எங்களைப் போன்றவர்களுக்கு "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்தான் கைக்கு அடங்குகிறது.

கடல்காற்று:
தக்கலை அண்ணே, அந்தப் பிள்ளைக்கு நடந்ததை வாசித்து மனசு ஆறவில்லை. ஆனாலும் இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நாங்கள் தூத்தூர் பக்கம். வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்பமாட்டார். படகு சிக்னல் கிடைக்கும் தூரத்துக்கு வந்ததும் வீடியோ கால் வரும், பிள்ளைகள் போனைச் சுற்றி நிற்கும். மற்ற நேரத்தில் பேங்க் மெசேஜை வாசித்துச் சொல்வதும், காற்று எச்சரிக்கை வந்தால் அனுப்பி வைப்பதும் என் மூத்தவள்தான். ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊரில் பல வீடுகளில் போன் பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது, அம்மாக்கள் கையில் இல்லை. தாளில் கையெழுத்து விழும், போன் அதே கையில் இருக்கும். முன்பு என்னிடம் காட்டிவிட்டுச் செய்ததை இனி ஒளித்துச் செய்வாள். எனக்குப் பயம் அந்த ஒளிவில்தான்.

இன்னொன்று. ஆஸ்திரேலியச் சட்டம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை வைக்கவில்லை. பொறுப்பு முழுக்க நிறுவனத்தின் தலையில், மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். உங்கள் தாளில் நிறுவனம் எங்கே வருகிறது? அம்மாவும் பிள்ளையும் மட்டும்தானே இருக்கிறார்கள்?

தக்கலைக்காரன்:
இன்ஸ்டா, பேஸ்புக் நடத்தும் மெட்டா நிறுவனத்தைக் கூப்பிட்டு நம் பெற்றோர் கூட்டத்தில் உட்காரவைக்க முடியாதே அக்கா. நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம் என்கிறேன்.

கணக்கு டீச்சர்:
இருவருக்கும் ஒரு விஷயம். பல வருடமாக டியூஷன் எடுக்கிறேன், பிள்ளைகள் என்னிடம் போனைக் காட்டுவார்கள். கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டிருக்கிறார்கள். 1998, 2000 என்று வாயில் வந்த வருடம். சில வீடுகளில் அப்பாவோ அண்ணனோதான் அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். இன்ஸ்டாகிராம் 13 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்கிறது. 13 முதல் 17 வரை உள்ளவர்களுக்கு டீன் கணக்கு என்று ஒன்று 2025-இலிருந்து இந்தியாவிலும் இருக்கிறது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும். பிள்ளை பின்தொடராத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிபிகேஷன் அடிக்காது. 16 ஆகாத பிள்ளை இதைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். பெற்றோர் கண்காணிக்க உதவும் சூப்பர்விஷனை இணைத்துவிட்டால், பிள்ளை சமீபத்தில் யார் யாரோடு பேசியது என்ற பெயர்ப் பட்டியல் பெற்றோருக்குத் தெரியும், பேசியது என்ன என்பது தெரியாது. இவ்வளவும் உண்மையான வயதைப் போட்ட பிள்ளைக்குத்தான். 1998 என்று போட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த நிறுவனத்தின் கணக்கில் வளர்ந்த ஆள். எந்த வயதுக்காரனும் நேராக வந்து மெசேஜ் போடலாம்.

தடை என்று கையெழுத்து வாங்கினால் இந்தப் பொய் வருடங்கள் கூடத்தான் செய்யும். எனக்குள்ள கவலை அது.

குலசேகரம் தாத்தா:
டீச்சர், அந்த வருடத்தை எங்கே பார்ப்பது?

கணக்கு டீச்சர்:
இன்ஸ்டாவில் செட்டிங்ஸ் போய், அக்கவுண்ட்ஸ் சென்டர், அதற்குள் பர்சனல் டீடெய்ல்ஸ். பிறந்த தேதி அங்கே இருக்கும். பேத்தியையே திறந்து காட்டச் சொல்லுங்கள். பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

தக்கலைக்காரன்:
டீச்சர் சொல்வது பயனுள்ள விஷயம். ஆனால் ஒன்று கேட்கிறேன். "வீட்டில் எதையும் ஒளிக்காமல் பேசும் பிள்ளைக்கு ஆபத்து வராது" என்ற நம்பிக்கையில்தான் கடல்காற்று அக்கா பேசுகிறார். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை எதையும் ஒளிக்கவில்லை. யாரோடும் தவறாகப் பேசவில்லை, படம் எதையும் அனுப்பவும் இல்லை. பண்டிகைக்குப் புடவை கட்டி நின்றாள், அவ்வளவுதான். அம்மாவிடம் எல்லாம் சொல்கிற பிள்ளை. என்ன காப்பாற்றியது?

வடசேரி வக்கீல்:
சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில் பெற்றோரே மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

ஏஐ போட்டு மாற்றியதுதானே என்று யாரும் லேசாக எடுக்க வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம் கணினியில் உருவாக்கிய படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் உண்டு. அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே எப்போது குற்றமாகும் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே "பாருங்கள், என்ன அநியாயம்" என்று பெற்றோர் குரூப்பில் அந்தப் படத்தை அனுப்புகிறவரும் குற்றம் செய்கிறார். கோபத்தில் செய்தேன் என்பது காரணமாகாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ வெளியிடுவதும் தப்பு. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பதும் போக்சோவில் குற்றம்தான்.

செய்ய வேண்டியது இது. அனுப்பியவரின் ஐடி, நம்பர், நேரம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், ஆனால் அந்தப் படத்தைப் பிரதி எடுக்காதீர்கள். சாட்டை அழிக்காமல் அந்த போனோடு நாகர்கோவில் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைக்கலாம். பிள்ளை தானே பேச வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த தொகை கேட்பான். படம் பரவுமோ என்ற பயம் இருந்தால் டேக் இட் டவுன் என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. 18 வயது ஆகுமுன் எடுத்த படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனுக்குள்ளேயே அதிலிருந்து ஒரு அடையாள எண்ணை மட்டும் உருவாக்கி எடுத்துக்கொண்டு, அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் இருந்தால் நீக்க உதவுகிறார்கள்.

கடல்காற்று:
வக்கீல் சார், நன்றி. இதை எங்கள் ஆலயத்து அன்பியக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆபத்தே வராது என்று நான் சொல்லவில்லை. வந்த பிறகு பிள்ளை எவ்வளவு நாள் தனியாகச் சுமக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். 2020-இல் நாகர்கோவிலையே உலுக்கிய அந்த வழக்கை எல்லோரும் மறந்துவிட்டோமா? சோஷியல் மீடியாவில் பழகி, படம் எடுத்து, மிரட்டிப் பணம் பறித்தவன். சென்னையில் ஒரு பெண் மருத்துவர் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 2023-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. படித்த, வளர்ந்த பெண்களே அவ்வளவு காலம் வாய் திறக்கவில்லை. "கணக்கே இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று தெரிந்த 14 வயதுப் பிள்ளை வாய் திறக்குமா? முதலில் மிரட்டுகிறவன் சொல்வதே "உன் அப்பாவிடம் சொல்லட்டுமா" என்பதுதானே. அவன் கையில் அந்த ஆயுதத்தை நாமே கொடுக்கிறோம்.

நானும் ஒன்று கேட்கிறேன். அந்த ஓணப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? பிள்ளையின் இன்ஸ்டாவில் இருந்தா?

தக்கலைக்காரன்:
இல்லை. அந்தப் பிள்ளைக்கு இன்ஸ்டா இல்லை. பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் ஓணக் கொண்டாட்டம் என்று போட்ட படங்களில் ஒன்று.

கடல்காற்று:
அப்படியானால் உங்கள் தாள் போன வருடமே இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு இது நடந்திருக்கும். நடந்தது வாட்ஸ்அப்பில். ஆஸ்திரேலியத் தடையில்கூட வாட்ஸ்அப் இல்லை.

ஆலயத்தில் புதுநன்மை வாங்கிய பிள்ளை, பேச்சுப் போட்டியில் ஜெயித்த பிள்ளை, எல்லாம் முழுப் பெயர், வகுப்பு, யூனிபார்மோடு ஊர்ப் பக்கத்திலும் பள்ளிப் பக்கத்திலும் இருக்கிறது. உலகத்தில் யாரும் எடுக்கலாம். போட்டது நாம். பிள்ளைகளைத் தடுக்கக் கையெழுத்துக் கேட்குமுன், பெரியவர்கள் போடுவதை நிறுத்தக் கையெழுத்துக் கேட்க வேண்டாமா?

குலசேகரம் தாத்தா:
இது நியாயமான கேள்வி. என் ஸ்டேட்டஸிலும் பேத்தி படம்தான். நான் அதைப் பார்க்கச் சொல்லி மகனுக்காகப் போடுவது, ஆனால் என் நம்பர் வைத்திருக்கும் பால் வியாபாரி, லாரிக்காரர் எல்லோரும் பார்க்கிறார்கள். இனி மகனுக்கு மட்டும் அனுப்புவேன்.

தக்கலைக்காரன்:
சரி. தாளை மாற்றி எழுதுகிறேன். முதல் வரி பள்ளிக்கு: பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்தப் பிள்ளையின் முகமும் பொதுப் பக்கத்தில் வரக்கூடாது, போட்டவற்றை நீக்க வேண்டும். இரண்டாவது பெற்றோருக்கு: பொய் வருடம் போட்டுக் கணக்கு திறந்து கொடுக்கமாட்டோம். மூன்றாவது, பிள்ளை வந்து சொன்னால் போனைப் பறிப்பதைத் தண்டனையாகச் செய்யமாட்டோம். நான்காவது, 16 வயது. அதை விடமாட்டேன். படம் எங்கிருந்து போனாலும், வாட்ஸ்அப்பில் 30 பேரோடு நிற்பது ரீல்ஸில் வந்தால் ஊரெல்லாம் போகும். 14 வயதில் அந்தக் கூட்டத்தைத் தாங்கும் பலம் பிள்ளைக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கடல்காற்று:
முதல் மூன்றுக்கும் இன்றே கையெழுத்து. நான்காவதில் 16-ஐ 13 ஆக்குங்கள், அதற்கும் போடுவேன். 16 என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் போடுவேன், கூட்டத்தில் எழுந்து காரணமும் சொல்வேன்.

தக்கலைக்காரன்:
சொல்லுங்கள் அக்கா. நான்காவதைத் தனித் தாளாக வைக்கிறேன், விரும்பினவர்கள் போடட்டும்.

கணக்கு டீச்சர்:
மாணவர்களையும் கூப்பிடுங்கள். குறிப்பாக எட்டாம் வகுப்புப் பையன்களையும் அவர்களுடைய அப்பாக்களையும். இவ்வளவு நேரம் பேசியதில் பெண்பிள்ளைகளின் போனைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

கடல்காற்று:
ஆமாம் டீச்சர். அண்ணே, கூட்டத்தை வேலை நாள் மதியம் வைக்காதீர்கள். ஞாயிறு பூசை முடிந்து 10 மணிக்கு மேல் வைத்தால் எங்கள் பக்கத்து அம்மாக்கள் முழுக்க வருவார்கள், நான் அழைத்து வருகிறேன்.