எடை அப்படியே இருக்கிறது, வயிறு மட்டும் போடுகிறது. அம்மாவுக்கு என்ன செய்யலாம்?

குமரன், திண்டுக்கல்:
அம்மாவுக்கு 61 வயது, 54 கிலோ. பல வருடமாக எடையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்குகிறது, இடுப்பிலோ புடவை சுற்றப் பத்தவில்லை என்கிறார். அளந்து பார்த்தால் இடுப்பு 91 செ.மீ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 வந்திருக்கிறது. மாத்திரை இன்னும் இல்லை. தினமும் காலையில் அரை மணி நேரம் வாக்கிங் போகிறார். காலையில் நாலு இட்லி, மதியம் சாதம், ரசம், ஒரு பொரியல், ராத்திரி தோசை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடலாம் என்கிறான் தம்பி. சரியா?

மணிமாறன்:
நிறுத்துங்க தம்பி. நான் ராத்திரி வெறும் மோர்தான். ஆறு கிலோ குறைந்தது.

செண்பகம், பிசியோதெரபிஸ்ட்:
குமரன், தயவுசெய்து அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். மணிமாறன் அண்ணாவுக்குக் குறைக்க எடை இருந்திருக்கும். அம்மாவுக்குக் குறைந்திருப்பது தசை. தொளதொளத்த ரவிக்கைக் கையே அதற்குச் சாட்சி. கையிலும் தொடையிலும் தசை போக, அதே அளவு கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்தால் தராசுக்கு எப்படித் தெரியும்? மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம் போவது இன்னும் அதிகம். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்குத் தசைதான் பெரிய கிடங்கு. அது சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். இந்த நிலையில் பட்டினி போட்டால் கொழுப்போடு மிச்சத் தசையும் கரையும்.

'வயசானா உடம்பு அப்படித்தான்' என்று விட்டுவிடவும் வேண்டாம். 2021இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் பார்த்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை உடம்பு எரிக்கும் சக்தி ஏறக்குறைய மாறவே இல்லை. அதற்குப் பிறகுதான் மெதுவாக இறங்குகிறது. அதனால் நடுவயதில் போடும் வயிற்றுக்கு வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வாக்கிங் தொடரட்டும், ஆனால் அது போதாது. கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டி, கையூன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது, அங்கேதான் தொடைக்கு வேலை. முதலில் எட்டு முறை, மூச்சு வாங்கியபின் இன்னொரு எட்டு. வாரத்தில் மூன்று நாள் போதும், சுலபமானதும் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

சாப்பாட்டில் குறையாகத் தெரிவது புரதம். இந்த வயதில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும், அம்மாவுக்கு 54 கிராம். நாலு இட்லி, ரசம் சாதத்தில் அது வராது. இரண்டு இட்லியைக் குறைத்து ஒரு முட்டையோ கெட்டிச் சாம்பாரோ, மாலையில் சுண்டல், மதியம் ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு. கிட்னியில் பிரச்சினை இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

குமரன்:
நன்றி அக்கா. முட்டை சாப்பிட மாட்டார், பன்னீர் பிடிக்கும். முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. எடை குறையாமல் சர்க்கரை இறங்குமா?

செண்பகம்:
இறங்க வாய்ப்பிருக்கிறது. சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், அம்மாவைப் போலச் சர்க்கரை வரும் கட்டத்தில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் மட்டும் மாற்றியதில், நோயாக மாறும் ஆபத்து சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை.

பன்னீர் தாராளமாகக் கொடுங்கள். முழங்காலுக்கு, நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வலி குறையும். அப்படியும் வலித்தால் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து இடுப்பையும் சர்க்கரையையும் மறுபடி பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.