ஒரே பூ, இரண்டு ஜாடி: ஒன்றில் மட்டும் ஈரம் நிற்கவில்லை

மருத்துவச் சீட்டில் வாங்கிய கஞ்சா பூ, ஒரே தொகுதி. 28 கிராம் வீதம் இரண்டு 1 லிட்டர் கண்ணாடி ஜாடி, இரண்டிலும் காற்றின் ஈரப்பதத்தை 62%இல் நிறுத்தும் பாக்கெட், 8 கிராம் அளவு, கூடவே ஒரு ஈரப்பத மீட்டர். இருட்டு அலமாரி, 19–21 டிகிரி. ஆறு வாரம் ஆகிறது.

திருகுமூடி ஜாடி 61–62%இல் அசையாமல் நிற்கிறது. கம்பிக் கொக்கியும் ரப்பர் வளையமும் உள்ள ஜாடி மூன்றாம் வாரத்திலிருந்து இறங்கி இப்போது 52. பூ விரலில் பொடிகிறது, வாசனையும் பாதிதான். (ஈரம் திரும்பலாம், ஆவியான டெர்பீன், அதாவது வாசனைப் பொருள், திரும்பாது.)

செய்து பார்த்தவை: உப்புச் சோதனையில் (மூடிய இடத்தில் ஈர உப்பு வைத்தால் 75% காட்ட வேண்டும்) இரண்டு மீட்டரும் 75க்கு ஒரு புள்ளி வித்தியாசத்தில் காட்டின. மீட்டர்களை ஜாடி மாற்றி வைத்தாலும் அதே கணக்கு. கொக்கி ஜாடியில் வைத்த புதுப் பாக்கெட் பத்தே நாளில் காய்ந்து விறைத்துவிட்டது. தினமும் திறப்பதாலும் இல்லை. 1 லிட்டர் காற்று இந்த வெப்பத்தில் 0.02 கிராம் நீரைக்கூடத் தாங்காது, ஒரு முறை திறந்தால் போவது அதற்குள்தான். காலி கொக்கி ஜாடியின் உள்ளே டிஷ்யூ வைத்து மூடி, ஒரு மணி நேரம் தண்ணீரில் கவிழ்த்தேன், நனையவில்லை. ஆனால் தண்ணீரைத் தடுக்கும் வளையம் ஆவியையும் தடுக்கும் என்று சொல்ல முடியாதே. ஈரம் ஏற்ற ஆரஞ்சுத் தோல், ரொட்டித் துண்டு வைக்கும் யோசனை வேண்டாம், பூஞ்சை வந்துவிடும்.

கொக்கி ஜாடியில் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றி ஈரப்பதத்தை 60க்கு மேல் மாதக்கணக்கில் நிறுத்தியவர்கள் உண்டா, அல்லது ஜாடியையே மாற்ற வேண்டுமா?