நிலாவெளிக் காணிக்கு வேலி போட்டுவிட்டார்கள்: திருகோணமலையில் எப்படிப்பட்ட சட்டத்தரணியைப் பிடிப்பது?

கேள்வி: பாலையூற்றுப் பிள்ளை

வணக்கம். நிலாவெளியில் அம்மா பெயரில் 40 பேர்ச் காணி இருக்கிறது. 1974இல் தாத்தா எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதி கையில் உண்டு. 1990இல் இடம்பெயர்ந்தோம். 2010க்குப் பிறகு வந்து பற்றை வெட்டித் துப்புரவாக்கினோம், வீடு கட்டவில்லை. தேங்காய் பறிக்கப் போய்வருவோம், வருடா வருடம் ஆள் பிடித்துத் துப்புரவும் செய்வோம். அம்மா இப்போது இல்லை. நானும் கனடாவில் இருக்கும் அண்ணாவும்தான் உரித்தாளிகள்.

விளக்கீடு முடிந்து இரண்டாம் நாள் பக்கத்துக் காணிக்காரர் எங்கள் கிணற்றையும் உள்ளே விட்டு கொங்கிறீட் தூண் நட்டு முட்கம்பி அடித்துவிட்டார். கேட்டால், இருபது வருசமாகத் தாங்கள்தான் பார்க்கிறோம் என்கிறார். பொலிசுக்குப் போனோம். முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பொங்கலும் முடிந்துவிட்டது.

மாமா தனக்கு உறுதி எழுதிய நொத்தாரிசிடம் போகச் சொல்கிறார். அண்ணா கொழும்பிலிருந்து பெரிய ஆளைப் பிடிப்போம், தான் சித்திரையில் வந்து பேசுகிறேன் என்கிறார். இதோடு அப்பா 2020 வைகாசியில் ஒருவருக்குப் புரோ நோட்டில் ஆறு இலட்சம் கொடுத்ததும் அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரே சட்டத்தரணியிடம் கொடுக்கலாமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

உவர்மலை

கொழும்பு வேண்டாம் அக்கா. இங்கே வழக்கு தமிழில்தான் நடக்கும். ஒவ்வொரு தவணைக்கும் அவர் வந்து போகிற செலவு உங்கள் தலையில். காசு கஷ்டம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து எடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

பழைய பதிவறை

மகள், நான் நீதிமன்றப் பதிவறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். யாரைப் பிடிப்பது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் உங்களுக்கு இப்போது பெரிய கேள்வி. அண்ணா சித்திரையில் வரும்வரை இருக்கவே வேண்டாம்.

காணிப் பிணக்கால் கைகலப்பு வரும் நிலை என்றால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இருக்கிறது. எங்கள் ஊரில் 'அறுபத்தாறு போடுவது' என்றே சொல்வார்கள். பொலிசார் அறிக்கை போடாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு நீதவான் நீதிமன்றத்தில் போடலாம். அங்கே யாருக்கு உறுதி இருக்கிறது என்று பெரிதாகப் பார்க்கமாட்டார்கள், யார் கையில் காணி இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். வழக்குப் போடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால் காணியைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு கேட்கலாம். விளக்கீட்டிலிருந்து எண்ணிப் பாருங்கள், மாசி முதல் வாரத்தோடு அந்தக் கதவு மூடுகிறது. அது தவறினால் மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்குத்தான். அது வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்தக் கிழமையே ஒருவரைப் பிடியுங்கள்.

அண்ணாவின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூட்டு உரித்தாளி ஒருவரே வெளியாளுக்கு எதிராக வழக்குப் போடலாம். அண்ணா ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி ஆறுதலாக அனுப்பட்டும்.

மாமா சொல்லும் நொத்தாரிசு நல்லவராக இருக்கலாம். ஆனால் உறுதி எழுதுவது ஒரு வேலை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது வேறு வேலை. பக்கத்துக் காணிக்காரருக்கும் அவரே எப்போதாவது உறுதி எழுதியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு எழும்புங்கள்.

ஆளைத் தெரிவு செய்ய நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: சிவில் வழக்கு திறந்த மன்றில் நடக்கிறது, யாரும் போய் இருக்கலாம். காலையில் போய் அன்றைய வழக்குப் பட்டியலைப் பாருங்கள். விசாரணைக்கு என்று போட்டிருக்கும் வழக்கு வரும்வரை பின்வாங்கில் இருங்கள். யார் கோவையைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறார், யார் எழும்பி தவணை மட்டும் கேட்டுவிட்டு இருக்கிறார் என்று ஒரு காலைப்பொழுதிலேயே தெரிந்துவிடும். நான் கையாண்ட கோவைகளில் நாட்குறிப்புத் தாளைப் புரட்டினால், பக்கம் பக்கமாக 'வழக்காளி சார்பில் தவணை', 'எதிராளி சார்பில் தவணை' என்றே போகும். அந்தத் தாள்களின் ஓரம் மஞ்சளாகிப் பொடிந்திருக்கும், கட்டியிருக்கும் நூல் இற்றுப்போயிருக்கும். உள்ளே ஒரு சாட்சிகூட ஏறியிருக்காது. அந்தக் கோவைக்குரிய குடும்பம் ஒவ்வொரு தவணைக்கும் காசு கட்டியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறொக்சி, அதாவது உங்கள் வழக்கை நடத்தச் சட்டத்தரணிக்கு எழுதிக் கொடுக்கும் நியமனப் பத்திரம், அதைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் பிறொக்சியில் கையெழுத்து வைத்த சட்டத்தரணிதான் பதிவிலே உங்கள் ஆள். அதை நீதிமன்றத்தில் முறைப்படி இரத்துச் செய்யும்வரை வேறொருவர் உங்களுக்காகப் பத்திரம் போட முடியாது. ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். விசாரணை நாளில் இவரே நிற்பாரா, வேறு ஆளைப் பேச வைப்பாரா, அப்படியென்றால் அவருடைய கட்டணம் யார் கணக்கில் என்பதை அன்றே பேசுங்கள். கொடுக்கும் காசுக்கெல்லாம் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கொண்டுபோக: உறுதி, நில அளவைப் படம் இருந்தால் அது, அம்மாவின் மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. இத்தனையும் வீட்டிலேயே இருக்கும். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதிக்கும் விண்ணப்பியுங்கள், உங்களுக்குத் தெரியாமல் அந்தக் காணிமேல் எதுவும் பதிந்திருந்தால் அதில்தான் தெரியும். அறுபத்தாறுக்கு இதையெல்லாம்விடப் பெறுமதியானது, தேங்காய் பறித்தவரும் பற்றை வெட்டியவரும் தரும் சத்தியக்கடதாசி. வேலியைப் பல பக்கத்தாலும் படம் எடுத்து வையுங்கள். நீங்களாகக் கம்பியைப் பிடுங்கப் போகாதீர்கள்.

கிண்ணியாக்காரன்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பத்து வருடம் காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கேட்கும்போது யுத்தகாலம் அந்தக் கணக்கில் வராது என்று ஊரில் கதைப்பார்கள். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அது தானாக எல்லோருக்கும் பொருந்தாது, வழக்குப் போடக் காலக்கெடுவும் வைத்திருந்தார்கள். பத்து வருட ஆட்சியைக் காட்டி உரித்துக் கேட்கும் எதிராளிக்கு முன்னால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 2010க்குப் பிறகு நீங்கள் போய்வந்ததுதான் உங்கள் பலம்.

பாலையூற்றுப் பிள்ளை

ஐயா, உவர்மலைத் தம்பி, கிண்ணியா அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நாளைக்கே நீதிமன்றத்துக்குப் போகிறேன். தேங்காய் பறிக்கிறவர் சத்தியக்கடதாசி தருகிறேன் என்று சொல்லிவிட்டார். புரோ நோட்டு விஷயம்?

பழைய பதிவறை

அதற்கும் திகதிதான். எழுத்திலுள்ள கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம். வாய்ப்பேச்சுக் கடன் என்றால் மூன்றே வருடம். கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டு என்றால் எழுதிய நாளிலிருந்தே எண்ணுவார்கள், ஆக உங்களுக்கு இந்த வைகாசியோடு சரி. நோட்டுக் கடனை சுருக்க நடைமுறையில் போடலாம். அதில் எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால்தான் எதிர்வாதமே செய்யலாம். அதனால் காணி வழக்குப்போல் இழுபடாது. குறிப்பிட்ட தொகைக்குக் கீழான கடன் என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் எடுக்கவேண்டும். அங்கே சட்டத்தரணி பேசமுடியாது, நீங்களே பேசலாம். உங்கள் ஆறு இலட்சம் அதற்குள் வருகிறதா என்று சபையிலேயே கேளுங்கள்.

இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் கட்டணத்தைத் தனித்தனியாகப் பேசுங்கள், பிறொக்சியும் வேறு வேறு. நோட்டின் மூலப்பிரதியைக் கொடுக்கும்போது இரு பக்கத்தையும் படம் எடுத்துவைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். முதலில் அறுபத்தாறு. அது போட்ட மறுநாள் நோட்டைக் கையில் எடுக்கலாம்.