கராஜ் இல்லாமல் கிளாஸ்கோவில் சாஃப்ட் டாப் எம்எக்ஸ்-5: வாங்கலாமா?

கிளைட்கரை:

வணக்கம். 2003 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று பார்த்திருக்கிறேன். என்பி எனும் இரண்டாம் தலைமுறை, 1.8 எஞ்சின், கறுப்பு வினைல் கூரை, பின்னால் கண்ணாடி ஜன்னல். விலை படிந்துவிட்டது, பணம் இன்னும் கொடுக்கவில்லை. குடியிருப்பது ஃபிளாட். வண்டி வருஷம் பூராவும் தெருவில்தான் நிற்கும், பக்கத்தில் ஒரு பெரிய மரம் வேறு. "கூரை ஒழுகவே ஒழுகாது" என்கிறார் விற்பவர். ஆனால் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தொட்டால் ஈரமாக இருக்கிறது. வாங்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்? கவர் போட்டு நிறுத்துவது நல்லதா? குளிர்காலத்தில் உள்ளே ஈரம் தங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

---

ஸ்பானர்_செல்வம்:

விற்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூரைத் துணி ஒழுகாமலே கார்ப்பெட் நனையும். இந்த வண்டியின் அமைப்பு அப்படி.

கூரையின் பின்பக்க அடியில், துணிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுகிறது. ரெயின் ரெயில் என்பார்கள். பின்கண்ணாடி வழியாக வழியும் தண்ணீர் முழுக்க அதில் விழுந்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் ஓட்டைக்குப் போகும். அங்கிருந்து குழாய் வழியே இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சில்லுக்கு (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி) அடியில் வெளியேறும். இலைத்தூளும் பாசியும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் மேலே நிரம்பி உள்ளே வழியும். முதலில் நனைவது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பெட்தான். மரத்தடியில் நிற்கிற வண்டிக்கு இது கட்டாயம் வரும்.

சோதிப்பது சுலபம். கூரையைப் பாதி மடக்கி, மூலையில் ரெயிலின் மடிப்பைத் தூக்கினால் ஓட்டை தெரியும். அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றுகிற வேகத்திலேயே அடியில் கொட்ட வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. ஒன்றுமே வராமல் உள்ளே மட்டம் ஏறினால் ஊற்றுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

அடைப்பெடுக்க ஜன்னல் திரைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையிட்ட ஸ்பிரிங் கம்பி போதும். புல்வெட்டி நைலான் நூலும் ஆகும், நுனியைத் தீயில் காட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். கெட்டிக் கம்பியும் கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் தண்ணீர் நேரே சில்லுக்குள் போகும், வெளியில் ஒன்றுமே தெரியாது.

இந்தத் தலைமுறை வண்டிகள் துருப்பிடிக்கிற முக்கியமான இடம் அந்தச் சில்தான். பின்சக்கர வளைவுக்கு முன்னால் சில்லின் கீழ் விளிம்பை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் மொத்தென்று மாறும் இடத்தில் தகடு போய்விட்டது. பெயின்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே அதைவிட அதிகம் போயிருக்கும், ஏனென்றால் இங்கே துரு உள்ளிருந்து வெளியே வருவது. எம்ஓடியில் (பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) தோற்க அது ஒன்றே போதும். முன்பக்க சேஸிஸ் ரெயிலையும் (அடியில் வண்டியைத் தாங்கும் நீளச் சட்டம்) வண்டியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். கூரையை மாற்றிக்கொள்ளலாம். சில் வெல்டிங் என்று இறங்கினால் பட்ஜெட்டே மாறிவிடும்.

---

ஈரமாபினி:

அண்ணா சொன்னது சரி. ஆனால் ஈரம் எந்த இடத்தில் என்பதைப் பார்த்தே காரணத்தைப் பிரிக்கலாம், எல்லாவற்றையும் வடிகால் தலையில் போட வேண்டாம்.

சீட்டுக்குப் பின்னால் ஈரம் என்றால் வடிகால், அல்லது ரெயின் ரெயிலில் விரிசல். முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஈரம் என்றால் பெரும்பாலும் கதவு. கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அது பிய்ந்திருந்தால் ஜன்னல் வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் உள்பக்கம் வந்துவிடும். கதவை ஆட்டும்போது சளக் சளக்கென்று கேட்டால் அடியில் இருக்கும் ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன. தொடையில் சொட்டினால் முன்கண்ணாடித் தூணின் மேல்மூலையில் இருக்கும் ரப்பர் சீல். டிக்கியில் தண்ணீர் என்றால் டிக்கி மூடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் கேஸ்கெட், பின்விளக்குகளின் கேஸ்கெட், ஆன்டெனா அடிப்பாகம், இந்த வரிசையில் பாருங்கள். என்பியில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, அதனால் டிக்கி ஈரத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

சீல் எங்கே அழுத்தவில்லை என்று கண்டுபிடிக்கச் சாக்பீஸ் போதும். ரப்பர் முழுக்கத் தடவி, கூரையையும் ஜன்னலையும் மூடித் திறங்கள். எதிர்ப்பக்கம் சாக்பீஸ் படாத இடம்தான் இடைவெளி. முன்பக்கம் மேலே முழுக்கத் தளர்வாக இருந்தால் சீல் வாங்க ஓடாதீர்கள். கூரைத் தாழ்ப்பாளின் கொக்கியைத் திருகி இறுக்க வசதி இருக்கிறது. அரைச் சுற்று அரைச் சுற்றாக, இரண்டு பக்கமும் சமமாக. கண்டபடி இறுக்கினால் தாழ்ப்பாளை மூடவே முடியாது, துணியும் இழுபடும்.

ரப்பருக்கு கும்மி ஃபிளேகே (ரப்பர் பராமரிப்புத் திரவம்) அல்லது சிலிக்கோன் கிரீஸ் மட்டும், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. வாஸ்லின் வேண்டாம். பெட்ரோலியம் சரக்கு ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும்.

கார்ப்பெட்டை மேலே துடைத்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடியில் இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்து வாரக்கணக்கில் வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, வெட் வேக்குவத்தால் உறிஞ்சி, வீட்டுக்குள் வைத்துக் காயவைத்தால்தான் நாற்றம் போகும். அப்புறம் ஒரு கிலோ அளவு சிலிக்கா ஜெல் பை ஒன்றை உள்ளே போட்டுவைத்து, நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். கடைகளில் கிடைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா காருக்கு ஆகாது. அதில் சேருகிற உப்புத் தண்ணீர் ஒரு வளைவில் கவிழ்ந்தால் தரைத் தகட்டுக்கே ஆபத்து.

---

மான்செஸ்டர்_மழை:

கவர் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தெருவில் நிற்கிற வண்டிக்கு முழுக் கவர் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

கிளாஸ்கோவில் வருஷத்துக்குச் சுமார் 1,200 மிமீ மழை, சென்னையில் சுமார் 1,400. அளவில் சென்னைதான் கூட. ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்ந்து, பின்னாலேயே வெயில் காய்ச்சிவிடும். கிளாஸ்கோவில் வருஷத்துக்கு 170 நாள் அளவில் மழை. துணி காய்வதற்கு இடைவெளியே கிடைக்காது. இங்கே எதிரி மழையின் அளவு கிடையாது, காயாமல் இருக்கும் நேரம். மலிவு பாலிதீன் கவர் அந்த நேரத்தை இன்னும் நீட்டுகிறது. உள்ளே வியர்த்து, கூரையில் பாசியும் பூஞ்சையும் பிடிக்கும். காற்றில் அடித்துக்கொள்ளும்போது அடியில் இருக்கும் தூசியே பெயின்டைத் தேய்த்துவிடும். காற்றுப் புகும் பல அடுக்குக் கவர் தேவலை, ஆனால் அதையும் சுத்தமான, காய்ந்த வண்டி மேல்தான் போட வேண்டும். ஜனவரியில் கிளாஸ்கோ தெருவில் காய்ந்த வண்டிக்கு எங்கே போவது?

கவருக்குப் பதிலாக மரத்தைவிட்டு நாலு வண்டி தள்ளி நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஏசி போட்டு, காற்றை வெளியிலிருந்து எடுக்கும் நிலையில் வையுங்கள். ரீசர்குலேஷனில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரமே சுற்றிச் சுற்றி வரும்.

ஈரமான கூரையை மடக்கி வைக்காதீர்கள். வழியில் மடக்கவேண்டி வந்தால், வீடு வந்ததும் ஏற்றிவிடுங்கள்.

---

கிளைட்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று போய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் நன்றாக வடிகிறது, வலப்பக்கம் சொட்டுகிறது. சில் இரண்டு பக்கமும் கணீரென்றே இருக்கிறது. கூரை மடிப்பில் மட்டும் வினைல் வெடித்து, உள்ளே நூல் தெரிகிறது. மோஹேர் துணியாக மாற்றினால் இந்த ஊருக்கு நல்லதா? அதே விலையில் பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்றும் இருக்கிறது, மின்சாரக் கூரை. அது மேலா?

---

ஸ்பானர்_செல்வம்:

கராஜ் இல்லாதவருக்குக் கையால் மடக்கும் கூரையே நல்லது தம்பி. முதல் தலைமுறை இசட்4, அதாவது இ85, அதில் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டார் இடப்பக்கம் கூரைக் கிடங்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கி மோட்டார் மூழ்கிப் போகும். அந்த வண்டிக்காரர்கள் பலர் மோட்டாரை டிக்கிக்கு மாற்றிவைப்பது இதனால்தான். போர்ஷே பாக்ஸ்டர் 986-இலும் அடைப்பு வந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் அலாரம் கன்ட்ரோல் யூனிட் நனையும். எம்எக்ஸ்-5-இல் அடைத்தால் நனைவது கார்ப்பெட், நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

மோஹேர் பற்றி: பார்க்க அழகு, மடிப்பில் வெடிக்காது, ஆயுளும் கூட. ஆனால் அதிலும் தண்ணீரைத் தடுப்பது மேல்துணி கிடையாது, இரண்டு துணிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் அடுக்கு. கடையில் விற்கும் வாட்டர்புரூஃபிங் ஸ்பிரே மேல்துணி தண்ணீரை உறிஞ்சாமல் வைத்திருக்கும், ஒழுகலை நிறுத்தாது. மேல்துணி உறிஞ்சாவிட்டால் பாசி பிடிக்காது என்பதால் அதுவும் அவசியம். மென்மையான பிரஷ்ஷால் துணியின் இழைபோக்கில் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு அடியுங்கள். மறுநாளும் மழை இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் மே மாதம் பொருத்தம். பெயின்ட்டையும் கண்ணாடியையும் மூடிக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். வினைல் கூரைக்கு இந்த ஸ்பிரே ஒட்டாது, அதற்கு வினைல் பாதுகாப்புத் திரவம் தனியாக உண்டு.

---

ஈரமாபினி:

ஒரு சேர்க்கை. புதுக் கூரை வாங்கும்போது ரெயின் ரெயில் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். மலிவான பல கூரைகள் அது இல்லாமல் வரும். இருபது வருஷப் பழைய பிளாஸ்டிக் ரெயில் கழற்றும்போதே பெரும்பாலும் உடையும். புதுக் கூரையை உடைந்த ரெயில் மேல் போட்டால் தண்ணீர் பழைய வழியிலேயே உள்ளே வரும். மடிப்பில் நூல் தெரிகிறது என்றால் இந்தக் குளிர்காலம் தாண்டுவது கஷ்டம். மோஹேரும் பொருத்துக்கூலியும் சேர்ந்தால் ஆயிரம் பவுண்டுக்குப் பக்கத்தில் போகலாம், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். வலப்பக்க அடைப்பை மட்டும் வாங்குகிற அன்றைக்கே எடுத்துவிடுங்கள். துருப்பிடிக்காமலிருக்க அடித்தகட்டுக்கு வேக்ஸ் அடிக்கக் கொடுப்பதாக இருந்தால், வடிகால் வெளிவரும் ஓட்டை இரண்டையும் மூடிவிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். வண்டி திரும்பி வந்ததும் இன்னொரு அரை லிட்டர் ஊற்றிப் பாருங்கள்.